ஊர் கூடி எழுதிய நிரல்

சர்வர்களைத் தானாக நிறுவும் நிரலைப் பொதுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து மெருகேற்றலாம் என்கிறது உலகம். 2012-இல் வந்த அன்சிபிளும் 2014-இல் வந்த டெராஃபார்மும் அப்படி வளர்ந்தவைதான். சென்னையின் பெருங்குடி அதைவிட முன்னேறிய ஊர். அங்கே ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நிரல்; அத்தனையும் செய்வது ஒரே வேலை. வீண் உழைப்பு என்பார்கள். எல்லாருக்கும் ஒரே நிரல் என்றால் எல்லாருக்கும் ஒரே பிழைதானே? ஆளுக்கொரு நிரல் இருந்தால் ஆளுக்கொரு பிழை. தற்சார்பு என்பது இதுதான்.

கூட்டுமுயற்சியில் மனக்கசப்பும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மின் உரிமத்தை இறுக்கியது. ஒரு சாரார் கோபித்துக்கொண்டு அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஓப்பன்டோஃபு என்று தனிக்குடித்தனம் போனார்கள். நாமோ முதல் நாளிலிருந்தே தனிக்குடித்தனம், பாகப்பிரிவினைக்கே இடமில்லை. அதற்காகக் கூடிச் செய்யத் தெரியாத ஊர் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய குப்பைமேட்டைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாகத் தென்சென்னையே பங்களித்த பொதுக் களஞ்சியம் அது. அத்தனை காலமும் யார் வேண்டுமானாலும் சேர்த்தார்கள், யாரும் சரிபார்க்கவில்லை, யாரும் நீக்கவில்லை. ஆகவே பொது நிரலுக்கான விதிமுறை ஏற்கெனவே தயார், நாளையே தொடங்கலாம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் ஒப்பந்தக்காரரை மட்டும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.