நூறு வெள்ளி குறைச்சல்

சிங்கப்பூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பேசினால் சித்தி நடுவில் புகுந்து "சாப்பிட்டியாடா?" என்று விஷயத்தைக் கெடுத்துவிடுவார். அதனால்தான் கடிதம். வேலையை விட்டுவிட்டேன் என்று போன மாதம் சொன்னேனே, அதை அழித்துவிடுங்கள். விடவில்லை.

இங்கே வேலை மாற மார்ச்சுதான் சீசன். வருஷக் கடைசியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், சீனப் புத்தாண்டை ஒட்டி போனஸ், இரண்டையும் வாங்கிக்கொண்டு ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார்கள். தீபாவளி போனஸ் வாங்கின மறுவாரம் நம் கடைப் பையன்கள் காணாமல் போவார்களே, அதேதான். நானும் நீட்டினேன். 6,200 வெள்ளி வாங்குகிறவனுக்கு வேறோர் இடத்தில் 7,000 என்றார்கள்.

நாலு வருஷமாக என் மேலாளருக்கு நான் வெறும் மின்னஞ்சல் முகவரி. லிஃப்டில் எதிரே நின்றாலும் என் தலைக்கு மேலே மாடி எண்ணைத்தான் பார்ப்பார். கடிதம் போன கால் மணி நேரத்தில் என் மேஜைக்கே வந்து, "கோப்பி?" என்றார். கீழே கோப்பிக் கடையில் எனக்கும் சேர்த்து கோப்பி ஓ கோசோங் சொன்னார். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. கஷாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசும் அவரே கொடுத்தார். எனக்கு விலை ஏறிவிட்டது என்று அப்போதே தெரிந்தது. "உன் பெண் எந்த வகுப்பு?" என்று விசாரித்தார். எனக்கு இருப்பது பையன். பரவாயில்லை.

பிறகு பேரம். 6,500 என்றார். நான் கோப்பியைக் குடித்தேன். கசப்பில் முகம் சுளித்தது. 6,700 ஆனது. இன்னொரு மிடறு, 6,900. அந்தக் கடைசி நூறைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. "கேன்?" என்றார். இந்த ஊரில் அது ஒரு முழு வாக்கியம். போன வருஷம் இருநூறு கூட்டிக் கேட்டபோது பட்ஜெட் இல்லை என்று கையை விரித்தவரும் இவர்தான். இத்தனை நாள் பட்ஜெட் எந்தப் பரணில் கிடந்தது என்று கேட்க வாய் வந்தது. கோப்பியோடு விழுங்கிவிட்டேன்.

நூறு வெள்ளியை விட்டு ஏன் தங்கினாய் என்பீர்கள். என் வேலை பாஸ் கம்பெனியின் பேரில் இருக்கிறது. மாறினால் புதுக் கம்பெனி புதிதாக விண்ணப்பிக்கணும். 2023 செப்டம்பரிலிருந்து அதற்கு மார்க் போடுகிறார்கள், 40 எடுக்கணும். 35-க்கே முக்கி முனகினவன் நான், உங்களுக்குத் தெரியாததா? சம்பளத்துக்கு மார்க், படிப்புக்கு மார்க். விண்ணப்பிக்கிறவனின் நாட்டுக்காரர்கள் அந்த ஆபீசில் ஏற்கெனவே கால்வாசி இருந்தால் அந்தப் பாடத்தில் சைபர். நேர்காணலுக்குப் போன அன்று அங்கே சாப்பாட்டு அறையில் மூன்று டப்பா திறந்திருந்தது, மூன்றிலும் புளியோதரை. அன்றைக்கு சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

தங்குகிறேன் என்றதோடு முடிந்ததா? வெளிநாட்டுக்காரன் ராஜினாமா கொடுத்தான் என்று தெரிந்தால், வருமான வரிக் கணக்கு தீரும்வரை அவன் சம்பளத்தைக் கம்பெனி பிடித்துவைக்கணும் என்பது இங்கே சட்டம். மேலாளர் என்னை நிறுத்திவைத்தார். அது தெரியாத கணக்குப் பிரிவு என் சம்பளத்தை நிறுத்திவைத்தது. கூட்டின சம்பளம் வருவது இருக்கட்டும், பழையதே பத்து நாள் வரவில்லை. இந்த மாதம் பணம் தாமதமானது அதனால்தான். சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்க மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசைக்குப் போவார்கள். யாரும் தொடமாட்டார்கள். நம் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுகிற மாதிரி. வேறு ஆள் வரும்வரை என் நாற்காலியில் போட்டுவைத்த துண்டுதானோ இந்த 6,900 என்று இப்போது சந்தேகம். போன வாரம் மேலாளர் ஒரு சின்னப் பையனை என் பக்கத்தில் உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடு என்றிருக்கிறார். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. லிஃப்டில் மறுபடியும் மாடி எண்.

திருப்பூருக்குப் போகிறேன் என்று கிளம்பின கல்லாப் பையனுக்கு ஐந்நூறு கூட்டிக் கொடுத்து நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்று சாயங்காலமே கல்லாச் சாவியை அவனிடமிருந்து வாங்கி சித்தி கையில் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் அவன் எத்தனை மாசம் இருந்தான்? மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்