பவர்பிசி மாமா

பழைய மேக் கணினிகளைத் தூக்கிப்போட மனம் வராதவர்களில் ஓர் உட்பிரிவு உண்டு. கம்பைலர் சொல்வதை நம்பாதவர்கள். எந்த மென்பொருள் அலுவலகத்திலும் அந்தப் பிரிவுக்கு ஒரு பிரதிநிதி தேறுவார். எங்கள் ஆளுக்கு, பழைய மேக்குகளின் ப்ராசசர் பெயரைச் சேர்த்து, நாங்கள் வைத்த பெயர் பவர்பிசி மாமா.

"சார், இந்த மெஷின்ல பவர்பிசிக்கு பில்ட் ஆகுமா?" என்று யாராவது வாயை விட்டால் மதியச் சாப்பாடு போச்சு. ஆகும், ஆகாது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். பெண் பார்க்க வந்த வீட்டார்போலக் குலம் கோத்திரம் விசாரிப்பார்.

"ஓஎஸ்?"

"ஸ்னோ லெப்பர்ட் சார்."

"அதான் தெரியுதே. எக்ஸ்கோடு எது?"

கேள்வி நியாயமானதுதான். 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பவர்பிசி கணினியில் ஓடாது. ஆனால் கூடவே வந்த எக்ஸ்கோடு 3.2 பவர்பிசிக்குக் கம்பைல் செய்யும். எக்ஸ்கோடு 4-ஐப் போட்டால் அந்த வித்தை போய்விடும். அதே பெட்டி, அதே ஓஎஸ், பதில் மட்டும் வேறு.

"ஜிசிசியையே கேட்டா சொல்லாதா சார்?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். மாமா 'மைனஸ் டம்ப்மெஷின்' அடித்துக் காட்டினார். அது தன் வழக்கமான ஒரே இலக்கைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. "கேட்டா இவ்வளவுதான். வேலை கொடுத்துப் பாரு."

வேலை என்றால் ஒரே வரி நிரல்: மெயின் ஃபங்ஷன், ரிட்டர்ன் பூஜ்யம். அதை 'மைனஸ் ஆர்க்' போட்டு ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்வார். எக்ஸ்கோடு 4-இல், பவர்பிசிக்கான அசெம்ப்ளர் நிறுவப்படவில்லை என்று பிழை வரும். இருக்கும் அசெம்ப்ளர்கள் இன்னின்ன என்று பட்டியலும் வரும். மாமா அதில் பாதிகூடப் படிக்க மாட்டார். எக்ஸிட் ஸ்டேட்டஸ் பூஜ்யமா இல்லையா, அது போதும் அவருக்கு.

பூஜ்யமே வந்தாலும் விடுவாரா? "இன்னும் லிங்க் ஆகலையே!" 64 பிட் பவர்பிசிக்கு ஸ்னோ லெப்பர்டில் கம்பைல் ஆகிவிடும், லிங்க் செய்யும்போது சிஸ்டம் லைப்ரரியில் அந்த ஆர்க்கிடெக்சர் இல்லையென்று கை விரிக்கும். இந்த இடத்தில் மாமா சரி என்பதுதான் எரிச்சல். ஆகும் என்று நம்பி ராத்திரி முழுக்க பில்ட் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் தேறினால் லிப்போ கட்டளையால் சரிபார்ப்பார். அப்புறம் ஹெக்ஸ் டம்ப். பல ஆர்க்கிடெக்சர் கலந்த கோப்பின் முதல் நான்கு பைட் சிஏஎஃப்இபிஏபிஇ. ஜாவா கிளாஸ் கோப்புக்கும் அதேதான். இதைச் சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரிப்பார்.

2011-இல் லயன் வந்து, பவர்பிசி செயலிகளை இன்டெல் மேக்கில் ஓட்டிவந்த ரொசெட்டாவை எடுத்தபோது துக்கம் காத்தார். 2019-இல் கேட்டலினா 32 பிட் செயலிகளுக்குக் கதவைச் சாத்தியது, பேச்சே இல்லை. 2020-இல் எம்1 வந்து யுனிவர்சல் பைனரி திரும்பியதும் அலுவலகத்துக்கே மைசூர்பாகு வாங்கி வந்தார்.

"சார், இந்த பவர்பிசி பில்டை யாரு ஓட்டப்போறா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வீட்ல ஐபுக் ஜி4 இருக்கு."

"ஓடுதா?"

"சார்ஜர் தேடிக்கிட்டு இருக்கேன்."