வந்தியத்தேவன் எப்போ வருவான்?

கல்கி என்று வாயெடுத்தால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் குதிரையில் ஏறிவிடுவார்கள். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்தபிறகு, புத்தகத்தையே தொடாதவர்களும் ஏறிவிட்டார்கள். "குந்தவை அப்படியெல்லாம் பேசியிருக்க மாட்டா" என்று, ஒன்றுவிட்ட அக்காவுக்குப் பரிந்து பேசுவதுபோல் பேசுவார்கள். "சரி, 'அலை ஓசை' படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். குதிரை அங்கேயே நின்றுவிடும்.

தன் நூல்களில் ஏதாவது ஒன்று நிலைக்குமென்றால் அது 'அலை ஓசை'தான் என்று முன்னுரையில் எழுதியவர் கல்கியேதான். அவர் 1954 டிசம்பரில் காலமானார். 1956-ல் சாகித்திய அகாதெமியும் அந்த நாவலுக்குத்தான் பரிசு கொடுத்தது. எழுதியவர் ஒரு பக்கம், அகாதெமி அதே பக்கம். வாசகர்கள் மட்டும் நந்தினி பக்கம்.

இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கிரகப்பிரவேசமோ, அறுபதாம் கல்யாணமோ, 'அலை ஓசை'யைக் கட்டிக் கொடுத்துவிடுவேன். நான்கு பாகம், கையில் வாங்கும்போதே மரியாதை தெரியும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் விலையும் கட்டுப்படியாகும்.

முதலில் போன் செய்தவன் மைத்துனன்.

"மச்சான், எண்பது பக்கம் ஆச்சு. வந்தியத்தேவன் எப்போ வருவான்?"

"வரமாட்டான்டா. இது 1930-கள்ல நடக்கிற கதை."

"அப்ப யாருதான் வருவாங்க?"

"தபால்காரர்."

சற்று நேரம் சத்தமில்லை. பொருளடக்கத்தைப் புரட்டியிருக்கிறான். பாகங்களின் பெயர்கள் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம். "பேரெல்லாம் பயங்கரமா இருக்கே!" என்று தெம்பு வந்து மறுபடி உட்கார்ந்தான். பீகார் பூகம்பத்தில் தொடங்கி காந்தி கொலை வரை தேசம் பட்ட பாடு அது என்பதை நான் சொல்லவில்லை. வந்த தெம்பை ஏன் கெடுக்க வேண்டும்?

அத்தை அப்படியில்லை. நான்கு பாகத்தையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். வினையே அதுதான். லலிதாவைப் பெண் பார்க்க ராஜம்பேட்டைக்கு வரும் சௌந்தரராகவன், கூட நின்ற சீதாவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். "காபியக் குடுத்து அன்னிக்கே ரயிலேத்தி விட்டிருக்கணும்" என்றாள் அத்தை. டில்லியில் அவனிடம் சீதா படும் பாட்டைப் படித்ததிலிருந்து கோபம் என்மேல் திரும்பிவிட்டது. "ஏண்டா, புது வீட்டுக்குக் குடுக்கிற புத்தகமாடா இது?" இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் சௌந்தரராகவனின் பெரியப்பா பையனைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறாள்.

அலுவலக நண்பர் ஒருவர் படிக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "கல்கிக்குச் சரித்திரம்தான் சார் வரும், சமூகக் கதை வராது." வந்ததே அதுதான் ஐயா! 'கள்வனின் காதலி' வந்தது 1937-ல். 1939-ல் 'தியாகபூமி' விகடனில் தொடராக வந்தபோது, எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களே கதைக்குப் படங்களாயின. அந்தப் படத்தை வெள்ளைக்கார அரசாங்கம் பிற்பாடு தடையே செய்தது. பல்லவனும் சோழனும் அப்புறம் வந்தவர்கள்.

ஆனால் 'அலை ஓசை'யில் குறையே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ராஜம்பேட்டைப் பகுதியில் கல்கியின் குறும்பு துள்ளுகிறது, அதற்காகவே வாங்கலாம். டில்லிப் பக்கம் போனபிறகுதான் தொல்லை. கோடிக்கணக்கான பேர் இருந்த தேசத்தில், எந்த ஊருக்கு ரயிலேறினாலும் அதே ஏழெட்டுப் பேர்தான் எதிரே வந்து நிற்கிறார்கள். 'பொன்னியின் செல்வ'னில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மரத்துக்கு மரம் ஒட்டுக்கேட்க ஆள் நிற்கிறான். ஆனால் தலையில் கிரீடம் இருந்தால் நாம் எதையும் மன்னித்துவிடுவோம். டில்லி செக்ரடேரியட் உத்தியோகஸ்தனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அக்கா மகனுக்கு 'பொய்மான் கரடு' கொடுத்தேன். சேலம் – நாமக்கல் சாலையில் நிஜமாகவே அந்தக் கரடு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறைப் பொந்துக்குள் மான் நிற்பதுபோல் தெரியும், கிட்டே போனால் காணாது. அந்த மானை வைத்துக் கல்கி சின்னதாக, கச்சிதமாக ஒரு கதை பின்னியிருக்கிறார். "சூப்பர் மாமா" என்றான். எது பிடித்தது என்றேன். "சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

போன வாரம் மைத்துனன் வீட்டுக்கே வந்திருந்தான். 'அலை ஓசை' இரண்டாம் பாகத்தில் நிற்கிறதாம். சரி, வேறு மாதிரி பிடிப்போம் என்று 'அமரதாரா'வைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தொடரைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்கி இறந்துபோனதையும், அப்பாவின் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்ததையும் சொன்னபோது எனக்கே தொண்டை கட்டியது. அவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"மகளே முடிச்சாங்களா? அப்பவே யாராவது அவங்ககிட்ட பொன்னியின் செல்வனுக்கு ஆறாம் பாகம் கேட்டிருக்கலாமே, மச்சான்!"