எழுத்துப் பலகையின் மௌனம்: நிதானமும் பரிகாரமும்

பல்லி உடம்பில் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று அங்கம் அங்கமாக ஆராய்ந்து அட்டவணை வகுத்துப் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டு வைத்த நம் தேசத்தில், பதினாறு எழுத்தகலமும் இரண்டு வரியும் கொண்ட எல்சிடி பலகையில் எழுத்து விழாமற் போனால் அதற்குப் பலன் என்ன, பரிகாரம் என்ன என்று வகுத்துரைக்க ஒரு பண்டிதரும் இதுகாறும் முன்வராதது சாஸ்திர உலகுக்கு நேர்ந்த பெருநஷ்டமேயாகும். அக்குறையை ஓரளவு நிவர்த்திப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் பூர்வபட்சத்தைக் கூறுவோம். மைக்ரோகண்ட்ரோலரையும் பலகையையும் கம்பிகளால் பிணைத்து, மின்சாரம் ஊட்டி, பின்விளக்கு பிரகாசமாக எரிந்தும் ஓர் எழுத்தேனும் தோன்றக் காணாத மனிதன், தான் எழுதிய புரோகிராமையே முதலில் சந்தேகிக்கிறான். அதை இரவெல்லாம் திருத்தி எழுதியும் பயனின்றி, பொழுது விடிந்ததும் பலகையை விற்ற கடைக்காரரின் யோக்கியதையைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். இவ்விருவரும் பெரும்பாலும் நிரபராதிகள் என்பது நமது சித்தாந்தம். குற்றவாளி, பிரெட்போர்டின் ஓரத்தில் ஒருவராலும் மதிக்கப்படாமல் நிற்கும் பத்து கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரே.

இதன் மகிமையைச் சற்று விரித்துரைத்தல் தகும். பலகையின் பதினாறு முனைகளுள் மூன்றாவது முனையே எழுத்தின் கருமையை, அதாவது கான்ட்ராஸ்ட்டை, நிர்ணயிப்பது. பொட்டென்ஷியோமீட்டரின் திருகு அம்முனைக்கு அளிக்கும் மின்னழுத்தம் ஐந்து வோல்ட்டை நெருங்குமாயின் புள்ளிகள் யாவும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். முற்றும் பூஜ்யமானால் கட்டங்கள் எல்லாம் கறுத்துத் தோன்றும். எழுத்து படிக்கத்தக்கதாய்த் துலங்குவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே உள்ள ஒரு குறுகிய எல்லையிலேதான். இந்நிலையில், திருகை நடுவில் நிறுத்துவதே உத்தமம் என்று கருதுகிறவன், நியாயஸ்தலங்களில் எவ்வளவு புகழப்பட்டாலும், இங்கே இரண்டரை வோல்ட்டைப் பெற்று வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடுகிறது. நடுவுநிலைமை தோஷமாக முடியும் இடம் உலகில் இது ஒன்றே என்று துணிந்து கூறலாம். ஆகையால், புரோகிராமில் ஓர் எழுத்தைத் தொடுமுன் திருகைக் கோடியிலிருந்து கோடிவரை ஒருமுறை திருப்பிப் பார்த்தல் விதி.

இனி, மேல்வரி முழுவதும் பதினாறு கறுப்புக் கட்டங்கள் வரிசையாய் நிற்க, கீழ்வரி வெறுமையாய் இருக்கும் ஸ்திதி. இதைக் கண்டு கலங்குவோர் பலர். நாமோ இதைச் சுபசகுனமாகவே கொள்கிறோம். மின்சாரம் வந்திருக்கிறது, கான்ட்ராஸ்ட்டும் பொருந்தியிருக்கிறது, ஆனால் கட்டளை ஒன்றும் இன்னும் செவியில் விழவில்லை என்று பலகை தன் வாயாலேயே சாட்சி சொல்லும் நிலை இது. ஹிட்டாச்சியார் வகுத்த எச்.டி.44780 என்னும் சில்லும் அதன் வழிவந்தவையுமே இப்பலகைகளை ஆள்பவை; அச்சில்லு விழித்தெழும்போது தனக்கு ஒரு வரிதான் உண்டு என்றே எண்ணிக்கொள்ளும்; இரண்டு உண்டு என்று நாம் அறிவித்தாலன்றி அது அறியாது. அவ்வறிவிப்பு சேராமைக்குக் காரணம் தேடின், பலகையின் ஆர்.எஸ். அல்லது ஈ முனையின் கம்பி இடம் மாறியிருக்கலாம். ஊசிகளைச் சோல்டர் வைக்காமல் துளைகளில் செருகி மட்டும் வைத்திருக்கலாம். பின்னதைச் செய்துவிட்டு விதியை நோவது ஒரு பரம்பரை வழக்கமாகவே ஆகிவிட்டது.

மௌனத்தைக் காட்டிலும் ரசமானது பிதற்றல். நான்கு கம்பிகளை மிச்சம் பிடிக்க விரும்புவோர், எட்டு பிட் கொண்ட ஒவ்வோர் எழுத்தையும் இரு பாதிகளாய்ப் பிளந்து, மேற்பாதியை முன்னும் கீழ்ப்பாதியைப் பின்னும் அனுப்புகிறார்கள். இடையில் ஒரு பாதி தவறிவிட்டால், அதன் பின் வரும் ஒவ்வொரு கீழ்ப்பாதியும் அடுத்ததன் மேற்பாதியோடு விவாகமாகிவிடுகிறது. 'ஹலோ' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அனுப்பினால், அதிலுள்ள இரண்டு 'எல்'களும் ஜப்பானியக் கடகானா 'நி'யாக மாறிப் பலகையில் வீற்றிருக்கும். இதற்குப் பிராயச்சித்தமும் சில்லுடன் வரும் நூலிலேயே உண்டு: மின்சாரம் வந்து நாற்பது மில்லி செகண்டேனும் பொறுத்திருந்து, மூன்று என்னும் எண்ணை மும்முறை உரைத்தல் வேண்டும். ஏன் மும்முறை என்று நாஸ்திகர் கேட்கக்கூடும். சில்லு எட்டு பிட் நிலையில் இருந்தாலும், நான்கு பிட் நிலையில் முதற்பாதிக்குக் காத்திருந்தாலும், இரண்டாம் பாதிக்குக் காத்திருந்தாலும், மூன்றாம் உச்சரிப்பின் முடிவில் அது எட்டு பிட் நிலைக்கு வந்தே தீரும். மந்திரங்களுக்கு இவ்வளவு தெளிவான காரணம் கிடைப்பது அபூர்வம்.

ஐ-டூ-சி பலகைத்துணையை முதுகில் சுமந்தவற்றைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. விலாசம் தவறினால் கடிதம் சேராது. 27க்கு எழுதி விடை வராதவர் 3எஃப்-க்கு எழுதிப் பார்ப்பாராக.

எஞ்சியிருப்பது தமிழபிமானிகளுக்கே உரித்தான ஒரு வியாதி. நாமே உருவம் வரைந்து ஏற்றிக்கொள்ள எட்டு எழுத்துகளுக்கு மட்டுமே இச்சில்லில் இடமுண்டு. ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உடையது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை உடைய மொழி எட்டு ஆசனங்களுக்குள் அடங்கியிருப்பதும், மூன்று சுழி ணகரம் ஐந்து புள்ளிக்குள் ஒடுங்கி ஏறத்தாழச் சீப்பின் வடிவெய்துவதும் அபிமானி சகித்துக்கொள்பவையே. அவர் சகியாதது, உருவங்களை ஏற்றி முடித்த கையோடு தம் திருநாமத்தை எழுதச் சொல்ல, பலகை வெறுமையாய் நிற்பது. கம்பிகள் செம்மை, திருகு செம்மை, விலாசமும் செம்மை. நாமம் காணாமற் போகவில்லை. சில்லின் கவனம் இன்னும் உருவங்களின் அறையிலேயே நிற்பதால், அருமையாய்ச் செதுக்கிய அந்த எட்டு எழுத்துகளின் மேலேயே அது எழுதப்பட்டுவிட்டது. உருவங்களை மீண்டும் ஏற்றி, கர்சரை முதல் வரியின் முதல் இடத்தில் வைத்த பின்னரே நாமத்தை எழுதுதல் வேண்டும்.