கமிஷன் ஆம்ஸ்டர்டாமுக்கு, வரி நம்ம லாட்ஜுக்கு

திண்டுக்கல்லிலிருந்து வரும் நான்குவழிச் சாலை சமயநல்லூர் பக்கம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பரவை வழியாக மதுரைக்குள் போகும். இன்னொன்று ஊரைத் தொடாமல் கப்பலூர், திருமங்கலம் என்று தெற்கே பறக்கும். வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிவரும் சொகுசுப் பேருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, அவர்கள் கட்டிய பணம் இரண்டாவது சாலையில்தான் போகிறது. பேருந்துக்காவது கப்பலூரில் சுங்கச்சாவடி உண்டு. உள்ளூர்க்காரர்கள் பல வருஷமாகப் போராடியும் அதை அசைக்க முடியவில்லை. பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இருப்பவர் புக்கிங் டாட் காமில் அறை போடுகிறார். வாடகை 2,000 ரூபாய். படுக்கை விரிப்பு மாற்றுவது இவர். ஹீட்டர் ஓடவில்லை என்றால் நள்ளிரவில் எழுந்து ஓடுவது இவர். 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தோடு அரசுக்கான படிவம் ஏற்ற வேண்டியதும் இவர். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு வழக்கமான கமிஷன் 15 சதவீதம். 300 ரூபாய் போயிற்று.

அதோடு விட்டார்களா? வெளிநாட்டுக் கம்பெனி செய்த சேவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 18 சதவீதம். யார் கட்டுவது? சம்பாதித்தவர் இல்லை. கொடுத்தவர்! இதற்கு ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர். 300 ரூபாயைப் பறிகொடுத்ததற்கு 54 ரூபாய் தண்டம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டோம் என்று கொண்டாடினார்களே, அதில் இன்புட் கிரெடிட் கிடையாது. அந்த 54-ம் திரும்பி வராது.

வெளிநாட்டுக் கம்பெனியிடம் நேராகக் கேட்க ஒரு வரி இருந்தது. 2020 ஏப்ரலில் போட்ட 2 சதவீத சமன்படுத்தும் வரி. அடுத்த மாதமே பிரதமர் 'உள்ளூர்ப் பொருளுக்குக் குரல் கொடுங்கள்' என்று முழங்கினார். பொருத்தமாகத்தான் இருந்தது. வரியைப் பார்த்து அமெரிக்கா முறைத்தது. பாரபட்சம் என்றது, இந்தியப் பொருட்கள் மேல் 25 சதவீத வரி என்று மிரட்டியது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அந்த 2 சதவீதத்தை ரத்து செய்தார். முழக்கம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதற்கு வரி இல்லை.

பட்ஜெட் வாசித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஓட்டல்களை நசுக்குகிறது என்று சொல்லி ஸ்பெயினின் போட்டி ஆணையம் அதே புக்கிங் டாட் காமுக்கு 41.3 கோடி யூரோ அபராதம் போட்டது. கம்பெனி மேல்முறையீடு என்றது. போகட்டும். கேட்க ஆள் இருக்கிறது என்றாவது தெரிந்ததே. அவர்கள் பில் போட்ட வாரத்தில் நாம் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தோம்.

கைடு கதை இன்னும் வேடிக்கை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் காட்டும் நடையை வெளிநாட்டு இணையக் கம்பெனிகள் பெர்லினிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு செல்போனில் விற்கின்றன. 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கே தடை. விற்ற கருவி வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் கிடக்கும். சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து, தொண்டை வறளக் கதை சொல்பவர் நம்ம ஊர் ஆள். பெட்டிக்குள் கிடப்பதன் பங்கு போக மிச்சம்தான் அவருக்கு.

டெல்லிக்கு மதுரையிலிருந்து ஒரே கோரிக்கை. ஆம்ஸ்டர்டாமின் கமிஷனுக்கு உரிய வரியை ஆம்ஸ்டர்டாமிடம் கேளுங்கள். அதுவரை நிலவரம் இதுதான்: லாட்ஜ்காரர் அந்த 54 ரூபாயைத் தவணைக்குள் கட்டாவிட்டால் வட்டியும் 18 சதவீதம்.