எட்டு ரூபாய்ப் பிள்ளை

குறைந்த செலவில் குழந்தைக்குச் சத்தான சாப்பாடு செய்வது எப்படி என்று எங்கள் ஊர் நாசரேத்துக்கு வகுப்பெடுக்க வருகிறார்கள். வரட்டும். நாசரேத்துக்காரிக்குச் சிக்கனம் சொல்லித்தருவது உடன்குடிக்குக் கருப்பட்டி கொண்டுபோய் விற்கிற மாதிரி. திரையில் மசித்த அவகாடோ பச்சைப்பசேலென்று வழியும். எதிரே உட்கார்ந்திருப்பவள், நூறுநாள் வேலைக் கூலி பேங்கில் எப்போது ஏறும் என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஆச்சிக்கு இந்தப் பாடம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கேப்பையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, பழைய வேட்டித்துணியில் முடிந்து தொங்கவிடுவாள். வெள்ளையாக முளை எட்டிப்பார்த்ததும் நிழலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் திரித்துக் கொண்டுவந்து, மறுபடி துணியில் சலிப்பாள். சிறுபயறும் பொட்டுக்கடலையும் தனியாக வறுபட்டு வந்து சேரும். கூழில் கட்டி தட்டினால் கிண்டினவளுக்குக் கரண்டிக்காம்பால் ஒன்று கிடைக்கும். கடைசியில் கருப்பட்டி போடுவாள். இரண்டு வயதுவரை இனிப்பே வேண்டாம் என்கிறது இன்றைய மருத்துவம், அது ஒன்றுதான் ஆச்சியின் பிசகு. மற்றபடி, "ஏட்டி, கேப்பைக்கூழுக்கு எதுக்குட்டி மைக்கு?" என்றுதான் கேட்டிருப்பாள்.

கேப்பை ஏழைச் சாப்பாடு என்று ஒரு காலத்தில் முகம் சுளித்தார்கள். பிறகு அதற்கு யோகம் அடித்தது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. டெல்லியில் ஜி20 விருந்துக்குக் குதிரைவாலி இனிப்பு போனது, அதுவும் வெள்ளி முலாம் பூசிய பாத்திரத்தில். இப்போது முளைகட்டிய கேப்பை மாவு அழகான பாக்கெட்டில் ஊருக்கே திரும்பி வருகிறது. விலையைப் பார்த்தால் ஆச்சி துணிமுடிச்சோடு கடைக்காரனைத் துரத்தியிருப்பாள்.

சரி, டப்பா மாவு வாங்கலாமே? 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கை நினைவிருக்கும். நெஸ்லேயின் செரிலாக்கில் இந்தியப் பிள்ளைக்கு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். ஜெர்மன் பிள்ளைக்கும் பிரிட்டிஷ் பிள்ளைக்கும் சேர்த்த சர்க்கரை பூஜ்யம். கேட்டதற்குக் கம்பெனி, ஐந்து வருடத்தில் 30 சதவீதம்வரை குறைத்துவிட்டோம் என்றது. கன்னத்தில் அறைகிறவன், முன்னைவிட மெதுவாகத்தான் அறைகிறேன் என்று சொல்லி நன்றி எதிர்பார்த்து நிற்கிற அழகு! இரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்கான டப்பா உணவை விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இலேயே திருத்திவிட்டார்கள். மீறினால் 3 ஆண்டுவரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பயந்து நடுங்கிப்போயிருப்பார்கள்.

பட்ஜெட் சமையலில் நிஜமான மேதை யாரென்றால் அரசாங்கம்தான். அங்கன்வாடிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். செலவு 8 ரூபாய். 2017இல் 6 ரூபாயை 8 ஆக்கிய வள்ளன்மை இது. அதிலும் டெல்லி பாதி, சென்னை பாதி: ஆளுக்கு நாலு ரூபாய். எங்கள் பஸ் ஸ்டாண்டில் எட்டு ரூபாயை நீட்டினால் டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவக்கூட எடுக்கமாட்டார். அந்தக் காசில் ஒரு பிள்ளையின் மூளை வளர வேண்டும், எலும்பு உறுதியாக வேண்டும், பிறகு வல்லரசும் ஆக வேண்டும். நம் வீட்டுக்காரி இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செலவு செய்ய வேண்டுமாம், அதற்குத்தான் வகுப்பு.

இந்த எட்டு ரூபாயில் திருட்டு நடந்துவிடக்கூடாதே என்ற கவலை வேறு. 2025 ஜூலையிலிருந்து, அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் மாவை வாங்கப் போனால் செல்போன் கேமராவில் முகம் ஒத்துப்போக வேண்டும். டப்பாவில் சர்க்கரை போட்டவர்கள் முகத்தை எவரும் எங்கும் காட்டியதாகத் தெரியவில்லை. இங்கே, இடுப்பில் பிள்ளை பசித்து அலற, சிக்னல் தேடி வாசல்வரை வந்து நிற்கிறாள் ஒருத்தி. ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இன்னொருக்கா கண்ணைச் சிமிட்டு தாயி" என்கிறார் அங்கன்வாடி அக்கா.