ஷீட்டில் ஆடிய பாலம், ஸ்லைடில் ஆடும் பாலம்

1990-களில் இயற்பியல் வகுப்பில் எனக்கு வாய்த்த பெரிய கருவி ஓ.எச்.பி. எனும் ஓவர்ஹெட் புரொஜெக்டர். டகோமா நேரோஸ் பாலம் விழுந்த கதையை அதற்கான ஒளி ஊடுருவும் ஷீட்டுகளில் வரைந்து வைத்திருந்தேன். ஒன்றில் சாலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம். மாற்றி மாற்றி வைத்தால் பாலம் முறுக்கிக்கொள்வதாக மாணவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலையில் திறந்த பாலம் அது. நடுப்பகுதி மட்டும் 853 மீட்டர். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் இடிந்து விழுந்தது. "கான்கிரீட் சாலை எப்படி சார் முறுக்கும்?" என்று யாராவது எழுந்து கேட்பார்கள். பாடம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

பிறகு கணினியோடு இணைக்கும் புரொஜெக்டர் வந்தது. முதலில் ஸ்லைடில் வீடியோவுக்கான இணைப்பு மட்டும். வீடியோ கோப்பைத் தனியே எடுத்துவர வேண்டும். 2010 பவர்பாயின்ட்டில் வீடியோ ஸ்லைடுக்குள்ளேயே பதிந்தது, வேண்டாத பகுதியை வெட்டவும் முடிந்தது. கேமரா கடை நடத்திய பார்னி எலியட் பாலம் விழுந்த அன்று எடுத்த படம் என் வகுப்பில் ஓடியது. எல்லோரும் வியந்து பார்த்தார்கள். ஆனால் எழுந்து கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். கண்ணெதிரே நடந்துவிட்டதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது கேள்வியை முதலில் வைக்கிறேன்: நிமிடத்துக்கு எத்தனை முறை முறுக்குகிறது? ஒலியை அணைத்து ஓடவிட்டதும் மாணவர்கள் செல்போனில் நேரம் பார்த்து எண்ணுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் பிரதிகளில் சுமார் 18 வரும். அன்று நேரில் நேரம் பார்த்து எண்ணியவர்கள் குறித்தது 12. நொடிக்கு 16 பிரேமாக எடுத்த படத்தைப் பின்னாளில் 24 ஆக ஓட்டி மாற்றியதால், ஆட்டம் ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரிகிறது. இதைக் கேட்டதும் வகுப்பே பேசத் தொடங்குகிறது.

அடுத்து, படத்தை ஒரு பிரேமில் நிறுத்தி, அதன்மேல் காற்றின் திசைக்கு அம்புக்குறி போடுகிறேன். பல பாடநூல்கள் இதை எளிய ஒத்ததிர்வு என்று முடித்துவிடுகின்றன. உண்மையில் பாலத்தின் முறுக்கமே காற்றிலிருந்து மேலும் மேலும் ஆற்றலை இழுத்துக்கொண்டது. நின்ற படத்தில்தான் அதை விளக்க முடிகிறது.

இளம் ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: அசைவே பாடமாக இருக்கும் இடத்தில் மட்டும் வீடியோ வையுங்கள். அதை எங்கே நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்பதை வகுப்புக்குப் போகுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.